பிள்ளை பிறந்ததும் "போய்விட்ட" சீனி

கேள்வி: எனக்கு 36 வயது. உயரம் 156 சென்ரிமீற்றர், எடை 74 கிலோ. துணிக்கடையில் வேலை. மூத்தவன் புலமைப்பரிசில் வகுப்பு, இளையவளுக்கு நான்கு வயது. மெலிய வேண்டும், ஆனால் ஜிம்முக்கும் டயட் சாப்பாட்டுக்கும் பணமும் இல்லை, நேரமும் இல்லை. பேஸ்புக்கில் பார்த்து 4,500 ரூபாய்க்கு மெலிவுத் தேயிலை வாங்கிக் குடித்தேன். 2 கிலோ இறங்கித் திரும்ப ஏறிவிட்டது. முடி கொட்டுகிறது, பின்கழுத்து கறுத்திருக்கிறது. போன வருடம் தைரொயிட் சரி என்றார்கள், ஆனால் இணையத்தில் வாசித்தால் பயமாக இருக்கிறது. மாமியார் சீனிக்குப் போடும் மெட்போமின் குளிசையைப் போட்டால் மெலியலாமாமே? இளையவள் வயிற்றில் இருந்தபோது கொஞ்சம் சீனி இருந்தது, பிறந்ததும் போய்விட்டது. என் அம்மாவுக்கு 52 வயதில் சீனி வியாதியால் காலை எடுத்தார்கள்.
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் கடைசி இரண்டு வரிகளுக்குத்தான் பதில் எழுதப் போகிறேன், தங்கச்சி. மற்றவற்றை வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

சீனி போய்விட்டது என்று யார் சொன்னார்கள்? பிரசவத்துக்குப் பிறகு இரத்தம் சோதித்துச் சொன்னார்களா, அல்லது யாரும் எதுவும் சொல்லாததால் நீங்களே அப்படி எடுத்துக்கொண்டீர்களா? கர்ப்ப காலத்தில் நச்சுக்கொடி சுரக்கும் ஹோர்மோன்கள் இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கும். பெரும்பாலான தாய்மாரின் கணையம் இன்னும் கொஞ்சம் இன்சுலினைச் சுரந்து அதைச் சமாளித்துவிடும். உங்களுடையது சமாளிக்கவில்லை. பிள்ளை பிறந்து நச்சுக்கொடியும் வெளியேறியதும் சுமை இறங்கியது, சீனி அளவும் இறங்கியிருக்கும். கணையம் மட்டும் அதே கணையம்தான்.

கர்ப்பகால நீரிழிவு வந்த தாய்க்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றத் தாய்மாரை விட ஏழு முதல் பத்து மடங்கு அதிகம். அதனால்தான் பிரசவத்தின் பின் 6 முதல் 12 வாரத்துக்குள் ஒரு தடவையும், அது சரியாக இருந்தாலும் ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை வாழ்நாள் முழுவதும் சோதிக்கச் சொல்கிறோம். இளையவளுக்கு இப்போது நான்கு வயது. குறை சொல்வதற்காக எழுதவில்லை. பிள்ளையின் தடுப்பூசித் திகதியை ஒருபோதும் தவறவிடாத தாய்மாரில் பலர் தங்கள் சோதனைத் திகதியைக் குறித்துக்கூட வைப்பதில்லை.

பின்கழுத்தை அழுக்கென்று நினைத்துத் தேய்க்க வேண்டாம். தோல் தடித்து, தொட்டால் மெத்தென்று இருந்து, அக்குளிலும் அதே கறுப்பு இருந்தால், பெரும்பாலும் அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். கிறீம் வாங்கிப் பணத்தைக் கரைக்காதீர்கள். வைத்தியரிடம் கழுத்தைக் காட்டுங்கள்.

நீரிழிவால் கால் போவது ஒரு நாளில் நடப்பதில்லை. ஆண்டுக் கணக்காகக் கட்டுப்படாத சீனி நரம்பை மரக்கச் செய்து, இரத்த ஓட்டத்தைக் குறைத்து, செருப்புக் கடித்த புண் இருப்பதே தெரியாத நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் அது நடக்கிறது. உங்களுக்கு நீரிழிவு இருக்கிறதா என்பதே இன்னும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு காலைப்பொழுது போதும்.

உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் விசாரியுங்கள். 35 வயது கடந்தவர்களுக்குச் சீனி, இரத்த அழுத்தம், இடுப்பளவு எல்லாம் இலவசமாகப் பார்க்கும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்கள் அரசாங்க வைத்தியசாலைகளில் நடக்கின்றன. பழைய கிளினிக் அட்டையை எடுத்துப்போய், "கர்ப்ப காலத்தில் சீனி இருந்தது" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் சீனி அளவு 126 mg/dl அல்லது அதற்கு மேல் என்றால், இன்னொரு நாள் திரும்பப் பார்த்து உறுதி செய்வார்கள். ஆனால் உங்களைப் போன்றவர்களுக்கு வெறும் வயிற்று அளவு மட்டும் போதாது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். மூன்றாவது பிள்ளை எண்ணம் இருந்தால், கருத்தரிக்கும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். அடங்காத தாகம், இரவில் அடிக்கடி சிறுநீர், முயற்சி இல்லாமலே இறங்கும் எடை, இவை வந்தால் கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம். மெலிகிறேன் என்று மகிழவும் வேண்டாம்.

தைரொயிட் சரி என்று போன வருடம் சொல்லிவிட்டார்கள். புதிதாக ஒரு அறிகுறியும் இல்லாமல் கைத்தொலைபேசியில் அதைத் திரும்பத் திரும்பத் தேட என்ன இருக்கிறது? முடி கொட்டுவதற்கு இரும்புச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம். இரத்தம் எடுக்கும்போது ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மெலிவுத் தேயிலைகளில் பெரும்பாலும் இருப்பது சூரத்தாவாரை, அதாவது வயிற்றைப் போக்கும் இலை. இறங்கிய 2 கிலோவும் தண்ணீர். அந்தத் தேயிலையைத் தொடர்ந்து குடித்தால் பொட்டாசியமும் சேர்ந்து போகும். மூலிகை என்று விற்கும் மெலிவுக் குளிசைகள் இன்னும் மோசம். இதயத்துக்கு ஆபத்தென்று 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிறுத்தப்பட்ட சிபுட்ரமின் என்ற மருந்தை அவற்றில் ஒளித்துக் கலந்து பிடிபட்டிருக்கிறார்கள். மெட்போமின் நல்ல மருந்து. உங்கள் சோதனை முடிவைப் பார்த்து வைத்தியரே அதை எழுதினாலும் எழுதுவார். ஆனால் மாமியாருக்கு எழுதியது மாமியாருக்கு. இப்போதே அதை விழுங்கத் தொடங்கினால் சோதனையில் உண்மை அளவு தெரியாது, மாமியாருக்கும் மாதக் கடைசியில் குளிசை போதாது.

எடைக்கு வருவோம். 20 கிலோ குறைக்க வேண்டும் என்று நினைத்து மலைக்க வேண்டாம். 2002இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றில், நீரிழிவின் விளிம்பில் நின்றவர்களுக்கு உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிட நடையும் இலக்காகக் கொடுக்கப்பட்டன. அவர்களிடையே நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. உங்கள் கணக்கில் 7 சதவீதம் என்பது சுமார் 5 கிலோ. ஆறு மாதம் எடுத்தாலும் பரவாயில்லை.

பணம் இல்லை என்கிறீர்கள். மெலிய வேண்டியவருக்குச் செலவைக் கூட்டுவதை விடக் குறைப்பதில்தான் வேலை அதிகம். கடையில் வேலை செய்பவர்கள் ஒரு நாளைக்கு ஐந்தாறு பிளேன்டீ குடிப்பதைப் பார்க்கிறேன். கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றாலும் நாளுக்கு 60 கிராம் சீனி, அதாவது ஒரு கோப்பைச் சோற்றுக்கு மேலான கலோரி. மாதத்துக்கு 1.8 கிலோ சீனி உங்கள் ஒருவரின் தேநீரிலேயே போகிறது. கோப்பைக்கு வாரம் அரைக் கரண்டி வீதம் குறையுங்கள், நாக்கு பழகிவிடும். அடுத்தது பிள்ளைகள் மிச்சம் வைத்தது. பாதி இடியப்பம், கடித்த ரோல்ஸ், பாண் துண்டு எல்லாம் வீணாகக்கூடாதென்று தாயின் வாய்க்குள் போகின்றன. அவர்களுக்குக் குறைவாகப் போட்டு, கேட்டால் திரும்பப் போடுங்கள்.

ஓட்ஸும் ஒலிவ் எண்ணெயும் வேண்டாம். சோற்றை விடச் சொல்லவில்லை, பீங்கானில் சோற்றுக்குக் கால்வாசி இடம் கொடுங்கள். பாதியை வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கை என்று அன்று மலிவான கீரையும் மரக்கறியும் பிடிக்கட்டும். மீதிக் காலுக்குப் பருப்பு, கடலை, முட்டை, சாளை மீன். மாலையில் பசித்தால் பேக்கரிப் பக்கம் போகாமல் அவித்த கடலை சாப்பிடுங்கள்.

நேரம்? புலமைப்பரிசில் வகுப்பு வாசலில் தாய்மார் வரிசையாக உட்கார்ந்து மணிக்கணக்காகக் காத்திருப்பது கொழும்பில் தெரியாத காட்சியா? மகன் உள்ளே போனதும் எழுந்து மரைன் டிரைவ் பக்கமாக வேகமாக நடங்கள், பேசலாம் ஆனால் பாட முடியாத வேகத்தில். இன்னொரு தாயையும் இழுத்துக்கொண்டு போங்கள். வாரத்துக்கு மூன்று வகுப்பு, ஒவ்வொன்றிலும் 50 நிமிடம் என்றால் 150 முடிந்தது.

இவற்றையெல்லாம் சோதனைக்கு முதல் வாரமே ஆவேசமாகத் தொடங்கிவிடாதீர்கள். சோதனைக்கு முந்திய மூன்று நாளும் வழக்கமாகச் சாப்பிடும் சோறு, பாண் எல்லாம் சாப்பிட வேண்டும். பட்டினி கிடந்து போனால் முடிவு பிழைக்கும். முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் மட்டும். குளுக்கோஸ் குடித்த பின் இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், இடையில் பிளேன்டீயும் கூடாது. கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போங்கள்.