பக்கத்து நிலத்துக் குட்டை உடைந்து என் பயிர் அழிந்தது. ‘என் மேல் தவறில்லை’ என்கிறார் அந்த நிலத்துக்காரர். நட்டஈடு கேட்க முடியுமா?

கேட்கலாம். நான் வழக்கறிஞன் அல்லன். உசிலம்பட்டிப் பக்கத்தில் மல்லிகை பயிரிடுகிறவன். சட்டம் படித்தவர்கள் பிழை கண்டால் திருத்தட்டும். ஆனால் நீங்கள் கேட்டதே எனக்கும் நேர்ந்தது என்பதால் பேசாமலிருக்க மனம் வரவில்லை.

எங்கள் மேட்டுப்புறத்துத் தோட்டத்தைப் புதிதாக வாங்கியவர், மீன் வளர்க்கப் பெரிய குட்டை வெட்டினார். அந்த இடத்தில் பழைய கமலைக் கிணறு ஒன்று தூர்ந்து கிடந்தது அவருக்குத் தெரியாது. ஜேசிபி வைத்து வெட்டிய ஒப்பந்தக்காரர், மண் பொதபொதவென்று இருந்ததைப் பார்த்தும் கெட்டிப்படுத்தாமல் தார்ப்பாயை விரித்துவிட்டார். ஐப்பசி அடைமழையில் நிறைந்த குட்டை, ஒரே இரவில் அந்தக் கிணற்றின் வழியே உள்வாங்கி, தாழ்வில் இருந்த என் கிணற்றின் பக்கச் சுவரைச் சரித்து, நிரம்பி வழிந்து, அறுபது சென்ட் மல்லிகையில் தேங்கி நின்றது. வடிய ஒரு வாரமாயிற்று. அதற்குள் வேர் அழுகிவிட்டது.

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. ஊர்ப்பேச்சிலும் ‘தெரியாமல் நடந்ததற்கு அவர் என்ன செய்வார்’ என்றே முடித்தார்கள். அந்தச் சொல் இன்றும் எனக்கு வலிக்கிறது.

என் வழக்கறிஞர் காட்டிய பழைய தீர்ப்பைப் படித்தபோது என் கதையையே படிப்பதுபோல் இருந்தது. இங்கிலாந்தின் லங்காஷயரில் ரைலண்ட்ஸ் என்பவர் ஆலைக்காக ஒரு நீர்த்தேக்கம் கட்டச் செய்தார். அடியிலிருந்த கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளைக் கட்டியவர்கள் சரியாக அடைக்காததால், 1860-இல் தண்ணீர் அவற்றின் வழியே இறங்கி ஃபிளெட்சரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. ரைலண்ட்ஸிடம் கவனக்குறைவு இல்லாவிட்டாலும், தப்பினால் கேடு விளைவிக்கும் ஒன்றைத் தன் நிலத்தில் கொண்டுவந்து, இயல்புக்கு மாறான பயன்பாட்டுக்காகச் சேர்த்தவரே அதற்குப் பொறுப்பு என்று 1868-இல் அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக அப்போது இருந்த பிரபுக்கள் சபை முடிவு செய்தது.

எதிர்த் தரப்பு சும்மா இருக்கவில்லை. கார்வேட்டிநகரம் ஜமீனின் ஏரிகள் பெருமழையில் உடைந்து சென்னை இரயில்வேக்குச் சேதம் விளைந்த வழக்கில், கவனக்குறைவு இன்றி ஜமீன் பொறுப்பாகாது என்று, அன்றைய இந்திய வழக்குகளுக்கு இலண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1874-இல் சொன்னதை எடுத்துக் காட்டினார்கள். அந்தத் தீர்ப்பு சரியானதே. வழிவழியாக ஊருக்குச் சோறு போடும் கண்மாயைக் காப்பது ஜமீனின் கடமை, அதை மூடிவிடவும் முடியாது. ஆனால் ஒருவர் தம் இலாபத்துக்காக வெட்டிய மீன் குட்டை கண்மாய் ஆகாது என்பதே எங்கள் வாதம்.

யாரும் எதிர்பார்க்க முடியாத இயற்கைச் சீற்றம், மூன்றாமவர் செயல், உங்கள் சம்மதம் அல்லது உங்களுடைய தவறு ஆகியவை அவருக்கு விலக்காகலாம். ஐப்பசியில் மழை பெய்வதை எதிர்பாராதது என்று சொல்லிவிட முடியாது. இந்த விலக்குகள் ஒன்றும் செல்லாத முழுப் பொறுப்பை உச்ச நீதிமன்றம் 1986-இல், டெல்லி ஆலையில் நச்சு வாயு கசிந்தது குறித்த எம்.சி. மேத்தா வழக்கில் வகுத்தது. அது அபாயகரமான தொழில் நடத்தும் நிறுவனங்களுக்கானது, குட்டைக்குப் பொருந்துமென்று நம்பிப் போகாதீர்கள்.

எங்கள் வழக்கு சமரசத்தில் முடிந்தது. கிணற்றுச் சுவருக்கும் புதுப் பதியன்களுக்கும் பணம் தந்தார். தை முகூர்த்தங்களில் விலை ஏறும் பூவுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. மாட்டுத்தாவணி கமிஷன் கடைச் சீட்டுகளை நான் சேர்த்து வைக்காததால் இழப்பைக் காட்ட முடியவில்லை. உங்களுடைய விற்பனைச் சீட்டுகளையும், தண்ணீர் வடிவதற்குள் எடுத்த படங்களையும் இன்றே வழக்கறிஞரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.