மார்கழியில் பழைய ஷெட்டைப் பிரிக்கலாமா? கேள்வியும் பதிலும்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஓட்டு வீடுகளையும் தோப்புகளில் நிற்கும் ஷெட்டுகளையும் பிரிக்கும் வேலையில் முப்பது ஆண்டுகளாக இருக்கிறேன். இம்முறை வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரையில் பதில் எழுதுகிறேன்.

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி: தோப்பில் நாற்பது ஆண்டுப் பழைய ஷெட் ஒன்று இருக்கிறது. மேலே அஸ்பெஸ்டாஸ், பக்கங்களில் தகரம். மார்கழியில் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது நாங்களே பிரித்துவிடலாமா?

தகரத்தை நீங்களே பிரிக்கலாம் ஆச்சி. கூரையின் மேல் மட்டும் பிள்ளைகள் கால் வைக்கக் கூடாது. வெயிலிலும் மழையிலும் நைந்த அஸ்பெஸ்டாஸ் தகடு, பார்வைக்குக் கெட்டியாகத் தெரிந்தாலும், ஆள் கனத்தைத் தாங்காமல் சட்டென்று உடைந்துவிடும். பக்கத்தில் சாரம் கட்டி, அதில் நின்றுதான் வேலை செய்ய வேண்டும். தகடு முழுதாக இருக்கும் வரை அதிலுள்ள நார் அவ்வளவாக வெளியே வராது. உடைத்தாலும் அறுத்தாலும் கண்ணுக்குத் தெரியாத தூசியாகப் பறந்து நுரையீரலில் தங்கி, இருபது முப்பது ஆண்டுகள் கழித்துக்கூட நோயாக வெளிப்படும். ஆகவே முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துவிடுங்கள். தகட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் வளைந்த ஆணியான ஜே போல்ட் துருப்பிடித்திருந்தால் சுத்தியலால் அடிக்காமல் நட்டை அறுத்து எடுங்கள். தகட்டை மேலிருந்து போடாமல் இருவர் பிடித்து இறக்குங்கள். முகத்தில் துண்டைக் கட்டுவது இந்தத் தூசிக்குப் போதாது, இதற்கென்று உள்ள முகமூடி வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து இணைப்பை நீக்கச் சொல்லுங்கள். பியூஸைப் பிடுங்கி வைத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

கண்டனூர்: மண் சுவர், நாட்டு ஓடு வேய்ந்த பழைய மாட்டுக்கொட்டகை. மழைக்காலத்தில் இடிக்கலாமா?

வேண்டாம். நம் பக்கத்துக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அந்த நீரைக் குடித்த மண் சுவர் வெளியே உலர்ந்து காட்டினாலும் உள்ளே நெகிழ்ந்துதான் இருக்கும், கூரையின் கனத்தை எடுத்த உடனே அது எந்தப் பக்கம் சாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. தை பிறந்து, நல்ல வெயில் சில வாரம் காயட்டும். அப்போதும் பனி உலர்ந்த பிறகே ஏறுங்கள், பாசி படிந்த ஓட்டில் காலை நேரத்தில் கால் நிற்காது.

ஓட்டை இரண்டு பக்கமும் சமமாக இறக்குவது முக்கியம். ஓட்டைத் தாங்கும் சாய்ந்த கைமரங்கள் முகட்டில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்பவை. தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஒரு பக்கத்தை முழுவதும் இறக்கிவிட்டேன், மறு பக்கத்துக் கனம் தள்ளி ஒரு சுவரே வெளியே விழுந்தது. அந்த இடத்தில் ஆள் இல்லாமற்போனது கடவுள் செயல். ஆதலால் திரும்பத் திரும்பச் சொல்வேன்: மேலிருந்து கீழாக, இரு பக்கமும் சமமாக.

புதுவயல்: மழையில் செங்கல் சுவரை இடிக்கலாமா?

கண்டனூர்க்காரருக்குச் சொன்ன பதிலே உங்களுக்கும்.

கானாடுகாத்தான்: குவிந்து கிடக்கும் ஓடுகளுக்குள் பாம்பு இருக்குமா?

இருக்கும். குளிருக்கும் ஈரத்துக்கும் ஒதுங்க அதைவிட நல்ல இடம் அவற்றுக்கு இல்லை. கையை விடாமல் நீண்ட கம்பியால் புரட்டுங்கள். கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாமலும் இருக்கலாம். கடிவாயை அறுக்காமல், இறுக்கிக் கட்டாமல், உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

தேவகோட்டை: ஜேசிபி வைத்தால் அரை நாளில் முடியும் வேலைக்கு ஏன் இத்தனை நாள்?

இடிப்பது வேறு, பிரிப்பது வேறு. பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு உத்திரத்தை ஜேசிபி ஒரே இழுப்பில் முறித்துவிடும், அந்த மரத்தை இனி எந்தக் கடையில் வாங்குவீர்கள்? மரம், ஓடு, இரும்பு, காரை எல்லாம் ஒன்றாகக் கலந்து குப்பையாகிவிடும். நம் ஊர்களில் பங்காளி வீட்டு உத்திரம் உங்கள் பொதுச்சுவரில் அமர்ந்திருப்பதும் உண்டு. அந்தச் சுவரை இயந்திரத்தால் அசைத்தால் அடுத்த வீட்டுக் கூரையும் சேர்ந்து அசையும்.

மீண்டும் தேவகோட்டை: ஆட்கூலியை யார் கொடுப்பது?

முழுதாக இறங்கும் மரமும் ஓடும் கூலியில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும்.

கோட்டையூரிலிருந்து ஒரு கொத்தனார்: அண்ணே, உயரத்தில் நின்று சுவரைக் கடப்பாரையால் இடிக்கும் ஆள்தான் விழுந்து சாகிறான். இயந்திரத்தில் அந்த அபாயம் இல்லையே?

தம்பி சொல்வது நியாயம், மேலே எழுதியபோதே நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். கூரை, கதவு, நிலை, உத்திரம் எல்லாவற்றையும் கையால் இறக்கிய பிறகு, தனித்து நிற்கும் வெறுஞ்சுவராக இருந்தால், ஆளை ஏற்றாமல் ஜேசிபியைக் கொண்டுவருவதே சரி. பள்ளத்தூர் ஆச்சியின் ஷெட்டிலும் தகடுகள் இறங்கியபின் தளத்தைப் பெயர்க்க இயந்திரம் போதும். பொதுச்சுவரை மட்டும் முட்டுக் கொடுத்துக் கையாலேதான் எடுக்க வேண்டும். அதில் நான் இறங்கிவர மாட்டேன்.

ஆத்தங்குடி: தூறல்தானே, அதில் இடிக்கலாமா?

மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்: கூடாது. மேலே உள்ள பதில்களைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கொத்தமங்கலம்: சுவருக்குள் பழைய காசுகள் கிடைத்தால்?

1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். கிடைத்த இடத்திலேயே படம் எடுத்து வையுங்கள்.

காரைக்குடி: பழைய கதவு என்ன விலை போகும்?

முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விசாரியுங்கள். விலை என் துறை அன்று.

பள்ளத்தூர் ஆச்சி மீண்டும்: இறக்கிய அஸ்பெஸ்டாஸை உடைத்து ஊருணிக் கரைப் பள்ளத்தை நிரப்பலாமா?

உடைக்கவே கூடாது ஆச்சி. மாட்டுக்கொட்டகைக்கு மறுபடியும் வேயவும் வேண்டாம். ஈரம் காயும் முன் தடித்த பாலித்தீன் தாளில் சுற்றி ஒட்டி, அஸ்பெஸ்டாஸ் என்று மேலே எழுதி, பிள்ளைகள் போகாத இடத்தில் படுக்கையாக அடுக்குங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் காட்டும் இடத்துக்கு அனுப்புங்கள். அதுவரை ஒரு துண்டும் ஊருணிப் பக்கம் போக வேண்டாம்.