வாசகர் கேள்வி-பதில்: எப்போதும் ‘முழு டேங்க்’ காட்டும் முள்

கேள்வி: என்னிடம் 1968ஆம் ஆண்டு செவர்லே சி-10 டிரக் இருக்கிறது. பெட்ரோல் எவ்வளவு இருந்தாலும், சாவியைத் திருப்பியதும் முள் முழு அளவுக் குறியையும் தாண்டிப் போய் நின்றுவிடுகிறது. டேங்க் யூனிட்டை (டேங்க்குக்குள் மிதவையைக் கொண்டு பெட்ரோல் அளவை மீட்டருக்குத் தெரிவிக்கும் பாகம்) புதிதாக மாற்றியும் பயனில்லை. டேஷ்போர்டில் உள்ள மீட்டரை மாற்ற வேண்டியதுதானா?

பதில்: இப்போதைக்கு மீட்டரைத் தொடாதீர்கள். உங்கள் வண்டியில் மிதவை கீழே இருக்கும்போது டேங்க் யூனிட்டின் மின்தடை ஏறத்தாழ 0 ஓம். மிதவை மேலே வரும்போது 90 ஓம். மின்தடை கூடக் கூட முள் முழு அளவை நோக்கி நகரும் என்பதால், அது குறியைத் தாண்டி நிற்கிறது என்றால், பெரும்பாலும் டேங்க் பக்கச் சுற்று எங்கோ அறுந்திருக்கிறது என்று பொருள். ஒயர் அறுந்திருக்கலாம், ஆனால் யூனிட்டை மாற்றிய பிறகும் பழுது அப்படியே தொடர்வதால், எனக்கு முதலில் சந்தேகம் வருவது எர்த் இணைப்பின் மீதுதான். இந்த டிரக்குகளில் டேங்க் இருக்கைக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கிறது. டேங்க்குக்கு அடித்த பெயின்ட், யூனிட்டின் அடியில் வைக்கும் கேஸ்கெட், திருகுகளில் ஏறிய துரு ஆகிய எல்லாமே மின்சாரம் பாடிக்குத் திரும்பும் வழியை அடைக்கக்கூடியவை.

சாவியை அணைத்துவிட்டு, யூனிட்டிலிருந்து ஒயரைக் கழற்றி, டேங்க்கைவிட்டுத் தள்ளி, பாடியில் பெயின்ட் இல்லாத சுத்தமான உலோகத்தில் இணைத்த பிறகே சாவியைத் திருப்புங்கள். இந்த வரிசை முக்கியம். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் ஒரு சிறு பொறிகூட எழக்கூடாது. முள் காலி அளவுக்கு இறங்கினால் மீட்டரும் ஒயரும் நலமாக இருக்கின்றன. இறங்காவிட்டால் ஒயரையும், மீட்டருக்குப் பின்னால் உள்ள இணைப்புகளையும் பாருங்கள்.

முள் இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். ஒயரை யூனிட்டிலிருந்து கழற்றிய நிலையிலேயே வைத்து, மல்டிமீட்டரால் யூனிட்டின் முனைக்கும் அதன் உலோக விளிம்புக்கும் இடையே மின்தடையை அளந்து பாருங்கள்; பிறகு அதே முனைக்கும் பாடிக்கும் இடையே அளந்து பாருங்கள். முதல் அளவு 0 முதல் 90 ஓமுக்குள் இருந்து, இரண்டாவது மிக அதிகமாகவோ முடிவிலியாகவோ வந்தால் குற்றம் எர்த்தில்தான் இருக்கிறது. யூனிட்டின் விளிம்பிலிருந்து பாடிக்குத் தனியாக ஓர் எர்த் ஒயர் போட்டு, இரு முனைகளிலும் பெயின்டையும் துருவையும் சுரண்டி எடுத்துவிட்டு இறுக்குங்கள். இரண்டு அளவுகளுமே முடிவிலி என்றால் புதிய யூனிட்டே பழுது; புதியது என்பதற்காக அதை நம்பிவிடக் கூடாது.

கேள்வி: என் 1965 ஃபோர்டு எஃப்-100 டிரக்கில் பெட்ரோல் முள்ளும் எஞ்சின் வெப்ப முள்ளும் ஒரே நேரத்தில் உச்சிக்குப் போகின்றன. இதற்கும் அதே சோதனைதானா?

பதில்: இல்லை. ஃபோர்டில் கணக்கு தலைகீழ்: காலி டேங்க்குக்குச் சுமார் 73 ஓம், முழு டேங்க்குக்குச் சுமார் 10 ஓம். எனவே ஒயரைக் கழற்றினால் முள் காலிக்கு இறங்கும். ஒரு நிறுவனத்தின் யூனிட்டை மற்றொன்றின் மீட்டருடன் இணைத்தால் சரியான அளவு ஒருபோதும் கிடைக்காது.

இரண்டு முட்களும் சேர்ந்தே தவறு செய்வதால், அவற்றுக்குப் பொதுவான சிறிய வோல்டேஜ் ரெகுலேட்டரையே முதலில் பார்க்க வேண்டும். அது 12 வோல்ட்டை விட்டு விட்டு அனுப்பி, சராசரியாக 5 வோல்ட் அளவுக்குக் குறைக்கிறது. அதன் உறைக்கு எர்த் கிடைக்காவிட்டாலோ, உள்ளே தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டாலோ முழு 12 வோல்ட்டும் மீட்டர்களுக்குப் போய்விடும். நீண்ட நேரம் அப்படி ஓடினால் மீட்டர்கள் எரிந்துவிடும் என்பதால், பழுது தீரும்வரை ரெகுலேட்டருக்கு வரும் மின் இணைப்பைக் கழற்றி வையுங்கள். மீட்டருக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்துச் சோதிக்காதீர்கள். ரெகுலேட்டர் சரியான பிறகு பெட்ரோல் மீட்டரைச் சோதிக்க வேண்டுமானால், யூனிட் ஒயரை நேராக எர்த் செய்வதற்குப் பதிலாக 10 ஓம் ரெசிஸ்டர் வழியாக இணைத்துப் பாருங்கள்; முள் முழு அளவுக்கு அருகே வர வேண்டும்.

கேள்வி: டேங்க்கை நிரப்பிய பிறகும் முள் காலியிலேயே கிடக்கிறது. ஒயர்கள் எல்லாம் சரியாக உள்ளன. வேறு என்ன காரணம் இருக்கும்?

பதில்: மிதவையில் ஓட்டை விழுந்திருக்கலாம். பித்தளை மிதவையின் இணைப்பு விளிம்பில் ஊசித் துளை விழுந்தாலே பெட்ரோல் உள்ளே புகுந்து, அது மூழ்கிவிடும். யூனிட்டை வெளியே எடுத்து மிதவையைக் காதருகே குலுக்கினால் உள்ளே திரவம் அசைவது கேட்கும். அதற்கு ஈயப்பற்று வைக்க முயல வேண்டாம். உள்ளே மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவி சூட்டில் வெடிக்கக்கூடும். மிதவை தனியாகவே கிடைக்கும் என்பதால், புதியதை மாட்டிவிடுங்கள்.