ஐந்து நிமிடம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அரசு மருத்துவமனை ஒன்றின் நரம்பியல் வார்டில் பதினோரு வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். நான்கு மாதமாக ஒரு பையன் எங்களிடம் இருக்கிறான். பைக் விபத்து, தலைக்காயம். தொண்டையில் மூச்சுவிட டிராக்கியா குழாய், மூக்குக் குழாய் வழியாகச் சாப்பாடு. கிட்டே போனால் அடிக்கிறான், கிள்ளுகிறான். அவன் அம்மா எங்களைத்தான் குறை சொல்கிறார். போன வாரம் நைட் டூட்டியில் கட்டில் கம்பியைத் தட்டினான். வேண்டுமென்றே ஐந்து நிமிடம் கழித்துப் போனேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எனக்குத் தூக்கம் போய்விட்டது. மும்பையில் மூளை பாதித்துப் படுக்கையிலேயே கிடந்த நர்ஸ் அருணா ஷான்பாகை அவருடைய மருத்துவமனை சிஸ்டர்கள் 42 வருடம் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு நான்கு மாதத்திலேயே மனம் வற்றிவிட்டதா?

ஒரு செவிலியர்

அன்புள்ள சகோதரி,

அந்த ஐந்து நிமிடம் தவறுதான். குழாயில் சளி அடைத்தால் என்ன ஆகும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஆறுதலுக்காக மாற்றிச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அருணா கணக்கைத் தப்பாகப் போடுகிறீர்கள். 1973 நவம்பரில் தாக்கப்பட்டு மூளை பாதிக்கப்பட்டவர், 2015 மே மாதம் இறக்கும்வரை கே.இ.எம். மருத்துவமனையில் இருந்தார். ஒரு படுக்கைப்புண்கூட இல்லை என்பதை, அவருக்காகப் போடப்பட்ட கருணைக்கொலை வழக்கின் 2011 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே வியந்து குறிப்பிட்டது. படிக்கிற நாம் அங்கே ஒரே ஒரு தாயைக் கற்பனை செய்துகொள்கிறோம். அப்படி ஒருத்தி இல்லை. பார்த்துக்கொண்டவர்கள் ஓய்வுபெற்றுப் போனார்கள், புதியவர்கள் வந்தார்கள். அருணா நடப்பதைப் பார்த்தே இராத பெண்கள் அவருக்குச் சோறூட்டினார்கள். ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போனார்கள். தவிர, அருணா அவர்களைப்போலவே அங்கே வேலை பார்த்த நர்ஸ், சொந்தக்காரி மாதிரி. உங்கள் பையன் உங்களுக்கு யாருமில்லை. அவன் அம்மாவோ பைக்கைத் திட்ட முடியாமல் உங்களைத் திட்டுகிறார்.

இசபெல் மென்சீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் லண்டன் மருத்துவமனை ஒன்றின் செவிலியர்களை ஆராய்ந்து 1960 வாக்கில் ஒரு கட்டுரை எழுதினார். 'பத்தாம் கட்டில் ஈரல்' என்று அங்கே நோயாளியைப் பெயர் சொல்லாமல் குறிப்பிடுவார்களாம். ஒரு நர்ஸ் ஒரு நோயாளியை முழுதாகப் பார்ப்பதில்லை. பலருக்கும் ஒரே வேலையைச் செய்துகொண்டே நகர்வாள். நாம் இதை இரக்கமின்மை என்போம். மென்சீஸ் அதைப் பயத்துக்கு எதிராக வார்டு எழுப்பிக்கொண்ட சுவர் என்றார். சுவர் பயத்தை மறைத்தது, குறைக்கவில்லை. பயிற்சிக்கு வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பாதியிலேயே போய்விட்டார்கள்.

என் சித்தப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது பத்து நாள் பேச்சில்லை. திரும்பி வந்த முதல் பேச்சு கெட்ட வார்த்தை. மூளையில் மொழிப்பகுதி அடிபட்டாலும் வசவு மட்டும் தப்பிப் பிழைப்பதுண்டு என்று அப்போது எனக்குத் தெரியாது. சிஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். "திட்டுறதுக்காவது சத்தம் வந்துச்சே சார்" என்றார். அவர் தெய்வம் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். படிக்கட்டில் ஒரு நாள் அவர் இன்னொரு சிஸ்டரிடம் சித்தப்பாவை, நான் இங்கே எழுத முடியாத சொல்லால், வைதுகொண்டிருந்தார். கேட்ட அந்த சிஸ்டர் சிரித்துவிட்டு, "சரி, சாயங்கால மருந்து நான் குடுக்குறேன், நீ போ" என்றார்.

ஷிப்ட் மாறும்போது உங்கள் ஹேண்டோவரில் சிறுநீர் எவ்வளவு, காய்ச்சல் எவ்வளவு, சளி எடுக்கும் சக்‌ஷன் எத்தனை தடவை என்றுதான் சொல்கிறீர்கள், இல்லையா? அடுத்த முறை, "இவனைக் கண்டாலே ஆத்திரமா வருது, ரெண்டு நாளைக்கு எனக்கு வேற கட்டில் போடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். இன்சார்ஜ் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.