தாளை விடுங்கள், தொண்டையைக் காட்டுங்கள்

கேள்வி: வயது 46. இருபது வருடமாக தினமும் பத்து சிகரெட். வெள்ளைத் தாளில் இருக்கும் கெமிக்கல்தான் புற்றுநோய் தருகிறது என்று வீடியோவில் பார்த்து, ஆறு மாதமாக பிரவுன் தாளில் நானே சுருட்டிப் பிடிக்கிறேன். பல்லில் கறை. ஒரு மாதமாகக் குரல் கம்மியிருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை போட்டேன், சரியாகித் திரும்பவும் கம்மிவிட்டது. தாள் மாற்றியது போதுமா?

பதில்: போதாது. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது அந்தக் குரல்தான். புகைப்பவருக்கு மூன்று வாரம் தாண்டியும் குரல் தெளியவில்லை என்றால், காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல்நாணை நேரில் பார்த்தே ஆக வேண்டும். மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விடுவார், சில நிமிட வேலை. குரல்நாணில் புற்று ஆரம்பத்திலேயே பிடிபட்டால் பெரும்பாலும் கதிர்வீச்சு ஒன்றே போதும், குரலும் தப்பும். நாணில் புண் இல்லை, ஆனால் ஒரு பக்கம் அசையவில்லை என்றால் மார்பு சி.டி. ஸ்கேன் தேவை. இடது நாணுக்குப் போகும் நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனியைச் சுற்றித்தான் மேலே வருகிறது. நுரையீரல் கட்டி அதை அங்கே நசுக்கலாம்.

நீங்களாக வாங்கிய மாத்திரை ஸ்டீராய்டாக இருந்தால், வீக்கத்தை வற்றவைத்து நோயைக் கொஞ்ச நாள் மறைத்திருக்கும். அந்த மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள். மூச்சிழுக்கும்போது சத்தம் வந்தால் வாரக் கணக்கெல்லாம் கிடையாது, அப்போதே அவசர சிகிச்சைப் பிரிவு.

வெள்ளைத் தாளில் இருப்பது கால்சியம் கார்பனேட்டும், எரியும் வேகத்தைச் சீராக்கும் சிட்ரேட் உப்பும். துளை அதிகமுள்ள தாளில் காற்று கலந்து, அளக்கும் மெஷினில் தார் குறைவாகக் காட்டும். ஆனால் நிகோடின் போதாதவர் இன்னும் ஆழமாக இழுத்து ஈடுகட்டிவிடுவார். புற்றுநோய் தரும் பொருட்களில் ஒன்றான நைட்ரோசமைன் பெரும்பாலும் புகையிலையைப் பதப்படுத்தும்போதே உருவாகிறது. இன்னொன்றான பென்சோபைரின், எந்த இலை அரைகுறையாக எரிந்தாலும் வரும். பீடியைச் சுற்றியிருக்கும் இலையில் மருந்துக்குக்கூட கெமிக்கல் இல்லை. காற்று புகாத இலை என்பதால் அணையாமலிருக்க அடிக்கடி இழுக்க வேண்டும்; பீடி பிடித்து புற்றுநோய் வந்தவர்கள் எங்கள் வார்டுகளில் நிறைய.

பல் கறையைப் பல் டாக்டர் சுத்தம் செய்வார், விடுங்கள்.

நிறுத்துவதற்கு 2 மி.கி. நிகோடின் சூயிங்கம் உதவும். சுருக்கென்று காரம் ஏறும்வரை மென்று, கன்னத்தில் ஒதுக்குங்கள். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். டீ குடித்த கையோடு போட்டால் நிகோடின் உடம்பில் சரியாக ஏறாது, கால் மணி நேரம் போகட்டும். புகையிலை நிறுத்த ஆலோசனைக்கு இலவச எண் 1800 11 2356.