டொல்பின் வேனில் கட்டில் போடலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வருசத்துக்கு நாலைந்து தடவை பயணம் போவோம். கட்டில், சின்க், அலுமாரி எல்லாம் அடித்து, சுவரெல்லாம் பலகை பதித்த ஒரு பழைய டொயோட்டா ஹையேஸ் எல்.எச். 113 டொல்பின் வேன் நீர்கொழும்பில் விலைக்கு வந்திருக்கிறது. உள்வேலை பார்க்க அழகாக இருக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: உள்வேலையைப் பார்த்து விலை பேசாதீர்கள். கட்டிலும் அலுமாரியும் உங்கள் ஊர் தச்சு பாஸ் ஒரு கிழமையில் அடித்துத் தரக்கூடியவை. அந்த வேனில் நீங்கள் வாங்குவது தகரம், எஞ்சின், பிரேக், பதிவுப் புத்தகம் இந்த நான்கையும்தான். பதித்த பலகை இவற்றில் முதலாவதை மறைத்துவிடுகிறது. கடற்கரைப் பக்கம் ஓடிய வண்டியில் கறள் உள்பக்கமிருந்து தின்றுகொண்டு வரும். வெளியே பட்டி பூசி பெயின்ட் அடித்தால் ஆறு மாதத்துக்குத் தெரியாது. ஆகவே, பின்சில்லுக்கு மேலே இருக்கும் பலகையையும் வழுக்குக் கதவுக்குக் கீழே இருக்கும் பலகையையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த வேனை விட்டுவிடுங்கள்.

ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். கதவின் கீழ்ப்பகுதி, சில்லு வளைவுகள், கூரையின் பீலி, முன்கண்ணாடி ரப்பரின் கீழ்மூலைகள் எங்கும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான் இருக்கிறது. கதவில் கையளவு பட்டி இருந்தால் பரவாயில்லை, அது டின்கரிங் வேலையோடு போய்விடும். அடியில் நீளவாக்கில் ஓடும் சட்டத்தில் திருப்புளியால் குத்தும்போது பொருக்குப் பொருக்காக உதிர்ந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் பார்க்க வேண்டும். காலையில் முதலில் நீங்கள் வந்துதான் ஸ்டார்ட் செய்வதாக முன்கூட்டியே சொல்லிவைத்து, போனதும் முன்சீற்றைத் தூக்கி எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடாக இருந்தால் ஏதோ காரணத்துக்காகத்தான் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். ரேடியேட்டர் மூடியை, குளிர்ந்திருக்கும்போது மட்டும், திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி இடைவிடாமல் வந்தால் ஹெட்டோ ஹெட் கேஸ்கட்டோ போயிருக்கிறது. மறுநாள் காலையில் மேல் ஹோஸ் குளிர்ந்தும் கல் மாதிரி விறைத்திருந்தால் அதே நோய்தான். பிறகு எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது ஒயில் மூடியைக் கழற்றி, துவாரத்தின் மேல் கவிழ்த்து வையுங்கள். அது துள்ளி விழுந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது.

இந்த வேனில் இருக்கும் 3எல் எஞ்சின் 2,779 சீசீ டீசல், டேர்போ கிடையாது. ஆயிரம் மீற்றர் ஏறும்போது இத்தகைய எஞ்சினின் வலுவில் ஏறத்தாழ பத்து வீதம் குறையும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு வரும்போது ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. நீர்கொழும்பின் தட்டையான ரோட்டில் சீறிப் பாயும் வேன் இறம்பொடை ஏற்றத்தில் கறுப்புப் புகை கக்குவது இதனால்தான். ஓட்டிப் பார்ப்பதென்றால் குறைந்தது கடுகண்ணாவை வரையாவது, நாலு பேரை ஏற்றிக்கொண்டு, ஏற்றிப் பாருங்கள். நுவரெலியா உயரத்தில் திறந்த தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ரேடியேட்டர் மூடி அழுத்தம் பிடிக்காத வண்டி கொழும்பில் தப்பித்துக்கொள்ளும், நானுஓயாவில் கொதிக்கும். வாங்கியவுடன் மூடியையும் தேர்மோஸ்டாட்டையும் புதிதாகப் போடுங்கள், இரண்டுமே மலிவு.

டைமிங் பெல்ட் மாற்றிய பில் இல்லாவிட்டால் மாற்றவே இல்லை என்று கணக்கு வையுங்கள். அதன் ஆயுள் 1,00,000 கிலோமீற்றர். அறுந்தால் வால்வு வளைந்து எஞ்சின் திறக்க வேண்டிவரும்.

இறக்கம் தனிப் பரீட்சை. ஒரு நீண்ட இறக்கத்தை இரண்டாம் கியரில் இறங்கி, கீழே நிறுத்தி, ஒவ்வொரு சில்லின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால் அந்தச் சில்லின் பிரேக் இறுகியிருக்கிறது. வாங்கிய முதல் நாளே பிரேக் ஒயிலை முழுவதும் வடித்து டொட் 4 ஊற்றுங்கள். புதிய டொட் 4 குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பழைய டொட் 3 ஒயில் 140 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கலாம். கொதித்தால் பெடல் மெத்தைபோல் உள்ளே போகும், வேன் நிற்காது. டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்திவிட்டு நியூட்ரலில் இறங்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். பிரேக்குக்கு உதவும் வெக்யூம் பம்ப் ஒல்டனேட்டரின் முதுகில் சுழல்கிறது. எஞ்சின் நின்றால் அதுவும் நின்று, இரண்டு மூன்று மிதியில் பெடல் இறுகிவிடும்.

கேட்கும் விலை உங்கள் கையிலுள்ள பணம் முழுவதையும் விழுங்குமானால் வாங்காதீர்கள். நான்கில் ஒரு பங்கு டயர், பிரேக், பெல்ட், கூலிங் வேலைகளுக்குக் கையில் இருக்க வேண்டும். 2020இல் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதி 2025இல் திறந்தாலும் பழைய வேன்களின் விலை பழைய நிலைக்கு இறங்கவில்லை. அதனால் விற்பவர் அவசரப்படுத்துவார். நீங்கள் அவசரப்பட வேண்டியதில்லை.

கேள்வி: பார்த்த வேனுக்கு ‘ஓப்பன் பேப்பர்’ இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் பெயர் மாற்றலாம் என்கிறார்கள். பின்சீற்றுகளைக் கழற்றிக் கட்டில் போட்டிருக்கிறார்கள். பிரச்சினை வருமா?
– வாசகி, கம்பளை

பதில்: வரும், அம்மா. ஓப்பன் பேப்பர் என்றால் பழைய உரிமையாளர் கையெழுத்து மட்டும் வைத்து, வாங்குபவர் பெயரை எழுதாமல் விட்ட மாற்றுப் படிவம். சட்டப்படி அந்த வேன் இன்னும் அவருடையது. இடையில் அவர் இறந்தாலோ வெளிநாடு போனாலோ கையெழுத்தைச் சரிபார்க்க ஆள் இருக்காது. பதிவுப் புத்தகத்தில் பெயருள்ளவரே நேரில் வந்து, அடையாள அட்டையோடு மாற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்கும் நாளில் மட்டும் முழுப் பணத்தையும் கொடுங்கள்.

புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் கடன் தீர்ந்த கடிதம் கையில் வராமல் முற்பணம்கூட வேண்டாம். செசி நம்பரின் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, புத்தகத்தில் உள்ள ஒவ்வோர் எழுத்தோடும் ஒப்பிடுங்கள். நம்பரைச் சுற்றி வெல்டிங் தழும்போ புதுப் பெயின்ட்டோ இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். எஞ்சின் மாற்றியிருந்தால் அதுவும் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும்.

சீற்றின் எண்ணிக்கையும் வாகன வகையும் புத்தகத்தில் எழுதப்பட்டவை. நிரந்தரமாகக் கழற்றுவது, கூரையை உயர்த்துவது போன்ற மாற்றங்களுக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவது இதைத்தான். எளிய வழி, சீற்றுகளையும் பெல்ட்டுகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றின் மேல் விரிக்கும் மடக்குப் பலகைக் கட்டில் செய்வது. பிள்ளைகளுக்கும் ஓடும்போது பெல்ட்டோடு சீற் கிடைக்கும்.

கேள்வி: வேனுக்குப் பதிலாகக் காரின் பின்னால் இழுக்கும் கேம்பர் ட்ரெய்லர் மலிவாக முடியுமா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: மலைநாட்டுக்கு வேண்டாம். கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்தால் பின்னால் எடுக்க வேண்டியது நீங்கள்தான், ட்ரெய்லரோ ஸ்டியரிங்குக்கு எதிர்ப்பக்கம் திரும்பும். பிரேக் இல்லாத ட்ரெய்லர் இறக்கத்தில் காரைத் தள்ளும். அதற்குத் தனிப் பதிவும் வேண்டும். வருசத்தில் ஐந்து நாள் பாவிக்கும் சாமானுக்கு முற்றத்தில் நிரந்தரமாக இடமும் ஒதுக்க வேண்டும்.

கேள்வி: வேனில் இரண்டாவது பெற்றரி போட்டேன். ஓரிரவு லைட் எரித்தால் காலையில் வேனே ஸ்டார்ட் ஆகவில்லை. இன்வெர்ட்டரில் கேத்தல் போட்டால் உடனே அலாரம் அடிக்கிறது. சோலார் வைத்தால் சரிவருமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: இரண்டு பெற்றரிகளையும் நேரே ஒன்றோடொன்று இணைத்திருப்பார்கள். இரவில் இரண்டுமே சேர்ந்து இறங்கியிருக்கும். நடுவில் வோல்டேஜ் பார்த்து இணைத்துத் துண்டிக்கும் ரிலே ஒன்று போட வேண்டும். ஏறத்தாழ 13.3 வோல்ட்டுக்கு மேல், அதாவது எஞ்சின் ஓடும்போது மட்டும், அது இணைக்கும். 12.8க்கு இறங்கியதும் துண்டிக்கும். 16 சதுர மில்லிமீற்றர் கேபிள் போதும். 60 அம்பியர் பியூஸ் ஒன்றல்ல, இரண்டு வேண்டும், ஒவ்வொரு பெற்றரியிலிருந்தும் ஒரு சாண் தூரத்துக்குள். ஒரு முனையில் மட்டும் பியூஸ் போட்டால், நடுவில் கேபிள் தகரத்தில் உரசும்போது மற்றப் பெற்றரி அதைப் பழுக்கக் காய்ச்சும்.

கணக்கைப் பாருங்கள். 5 வோட் எல்ஈடி நான்கு, நான்கு மணி நேரம்: 80 வோட்-மணி. இரண்டு போன் சார்ஜ்: 30. மொத்தம் 110, அதாவது 12 வோல்ட்டில் ஏறத்தாழ 9 அம்பியர்-மணி. 100 அம்பியர்-மணி லெட் அசிட் பெற்றரியில் பாதியைத்தான் எடுக்க வேண்டும். அந்த 50இல் ஐந்து இரவு போகும். மலையில் விசிறி தேவைப்படாதது நமக்கு லாபம். 45 வோட் பிரிட்ஜ் பாதி நேரம் ஓடினாலே ஒரு நாளில் 45 அம்பியர்-மணி குடித்துவிடும், அதற்குப் பதில் ஐஸ் பெட்டி வையுங்கள். 1,500 வோட் கேத்தல் 12 வோல்ட்டில் 125 அம்பியருக்கு மேல் இழுக்கிறது, அலாரம் அடிப்பது சரியே. தண்ணீரைக் கேஸில் கொதிக்கவையுங்கள்.

சோலாரில் இப்போது காசு போட வேண்டாம். பனிமூட்ட நாளில் 100 வோட் பலகை மிகக் குறைவாகவே தரும். இரண்டு மணி நேர ஓட்டத்தில் ஒல்டனேட்டர் உங்கள் ஓரிரவுச் செலவைத் திருப்பித் தந்துவிடும். படுக்கும் இடத்துக்குக் கீழே வைப்பதென்றால் சீல் செய்த பெற்றரியையே வாங்குங்கள்.

கேள்வி: மழை நாளில் வேனுக்குள்ளேயே சமைக்கலாமா? குளிருக்குக் கரிச்சட்டி வைத்துக்கொள்ளலாமா? காலையில் கண்ணாடியெல்லாம் தண்ணீர் வழிகிறது, மெத்தையிலும் பூஞ்சணம் பிடித்துவிட்டது.
– வாசகி, நுவரெலியா

பதில்: கரிச்சட்டியை ஒரு நிமிடம்கூட உள்ளே வைக்காதீர்கள். புகை அடங்கிச் செந்தணலாக இருக்கும் கரிதான் மிக மோசம். அதிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு வாசனையோ நிறமோ இல்லை. தூங்குகிறவர் எழும்பவே மாட்டார். எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டுத் தூங்குவதும் அதே ஆபத்து. இந்த வேன்களில் எஞ்சின் சீற்றுக்குக் கீழே இருப்பதால் மூடியின் ரப்பர் கிழிந்திருந்தால் புகை நேரே உள்ளே வரும். சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிக் கால்மாட்டில் வைத்தால் விடியும்வரை இதமாக இருக்கும்.

சமையலுக்கு மேலே திறக்கும் பின்கதவுதான் உங்கள் குசினித் தாழ்வாரம். அதைத் தூக்கி, அதன் கீழே நின்று சமையுங்கள். அடுப்புக் கேஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டர் பெட்டியின் அடியில் இரண்டு அங்குலத் துவாரம் வெளியே திறந்திருக்க வேண்டும், வேனுக்குள் திறக்கக்கூடாது. ஒவ்வொரு பயணத்துக்கும் முன் ரெகுலேட்டரிலும் ஹோஸிலும் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள். தண்ணீர் 94 பாகையில் கொதிக்கும் ஊரில் பருப்பு வேகச் சுணங்கும், பிரஷர் குக்கர் கொண்டுபோனால் கேஸ் மிச்சம்.

கண்ணாடியில் வழிவது உங்கள் மூச்சும் அடுப்பும்தான். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நீராவி வரும். இரண்டு பக்க ஜன்னலையும் ஒரு விரலளவு திறந்துவிட்டுத் தூங்குங்கள், மழை தெறிக்காமல் மேலே வைசர் பொருத்தலாம். மெத்தையைப் பலகையில் நேரே போட்டால் உடல்சூட்டின் ஈரம் அடியில் தங்கும். இரண்டு விரல் இடைவெளி விட்டு அடித்த சட்டங்களின் மேல் போடுங்கள்.  சுவருக்குப் பஞ்சு அடைக்காதீர்கள், ஈரம் அதற்குள் நின்று தகரத்தைத் தின்னும். ஈரம் புகாத மூடிய நுரைத் தகடாகத் தேர்ந்து, இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். பூஞ்சணம் பிடித்த மெத்தையை மாற்றிவிடுங்கள், பிள்ளைகளின் நெஞ்சுக்கு ஆகாது.

கேள்வி: இரவில் எங்கே நிறுத்துவது?
– வாசகர், அப்புத்தளை

பதில்: தோட்ட ரோடுகள் பெரும்பாலும் தோட்டத்துக்குச் சொந்தமானவை, துரையின் ஒப்புதல் இல்லாமல் உள்ளே தங்க வேண்டாம். ஹோர்ட்டன் சமவெளியில் தங்குவதற்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் முன்பதிவு வேண்டும். மற்ற ஊர்களில் விடுதி முற்றம்தான் நல்லது, சின்னக் கட்டணத்துக்குக் கழிப்பறையும் கிடைக்கும். யூகலிப்டஸ் மரத்தடி, வெட்டிய மண்மேட்டின் அடி, ஓடைக்கரை மூன்றும் வேண்டாம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினாலே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கான மஞ்சள் எச்சரிக்கை விடும். 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு. மஞ்சள் வந்த பிரதேசத்தில் அன்றிரவு தங்காதீர்கள்.

சரிவில் நிறுத்தினால் ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம். கியரில் போட்டு, முன்சில்லை மண்மேட்டுப் பக்கம் திருப்பி, இரண்டு சில்லுக்குக் கட்டை கொடுங்கள். கட்டை ஆறு அங்குல உயரமாவது இருக்க வேண்டும், லொறிக்காரர்கள் வைத்திருக்கும் முக்கோணக் கட்டையே சரியான அளவு. தலைமாடு மேட்டுப் பக்கம் இருக்கட்டும்.