குழல் நீளம் எவ்வளவு இருக்க வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டிக்காக .22 ரைஃபிள் வாங்கப் போகிறேன். 26 அங்குலப் பேரல் என்றால் குண்டு வேகமாகப் போகும், குறியும் சரியாக விழும் என்கிறார்கள். 20 அங்குலம் போதாதா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வேகத்துக்காக 26 அங்குலம் தேவையே இல்லை. .22 லாங் ரைஃபிள் போட்டித் தோட்டாவில் இருக்கும் வெடிமருந்து 0.1 கிராம்கூடத் தேறாது. 16 முதல் 19 அங்குலத்துக்குள் அது எரிந்து, வாயுவின் தள்ளும் வலுவும் தீர்ந்துவிடும். அதற்கு மேல் குண்டு குழலில் உரசிக்கொண்டே போவதால் வேகம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். போட்டித் தோட்டாவை நொடிக்கு 320–330 மீட்டர் அளவிலேயே நிறுத்தியிருப்பதற்கும் காரணம் உண்டு. 20 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் 343 மீட்டர். அதைத் தாண்டிக் கிளம்பி, வழியில் அதற்குக் கீழே இறங்கும் குண்டு தடுமாறும்.

நீளத்தால் வரும் ஆதாயம், குறி பார்க்க உதவும் இரண்டு பாகங்களான முன் குறிக்கும் (முனையில் இருப்பது) பின் குறிக்கும் (கண்ணருகே இருப்பது) உள்ள இடைவெளியில் இருக்கிறது. இடைவெளி 700 மி.மீ. என்று வையுங்கள். குறி பார்ப்பதில் 0.1 மி.மீ. பிசகினால் 50 மீட்டரில் குண்டு 7 மி.மீ. விலகும். 900 மி.மீ. இடைவெளியில் அதே பிசகு 5.6 மி.மீ. ஆகிறது. பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மி.மீ. என்பதால் இந்த வித்தியாசம் புள்ளியில் தெரியும்.

அதற்கு முழு நீளக் குழல்தான் வேண்டும் என்பதில்லை. 20 அங்குலக் குழலின் முனையில் நீட்டிப்புக் குழாய் மாட்டி, அதன் நுனியில் முன் குறியை வைத்தால் அதே இடைவெளி கிடைக்கும். தடித்த எஃகு குறைவதால் முன்பாரமும் குறையும். குழலும் விறைப்பாக நிற்கும். தடிமன் மாறாமல் 26 அங்குலத்தை 20 ஆக்கினால் விறைப்பு ஏறத்தாழ 2.2 மடங்கு கூடுகிறது. என் தேர்வு இதுதான்.

குழாய் மாட்டியபின் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முன் குறி தள்ளிப் போவதால் அதன் வளையம் கண்ணுக்குச் சிறுத்துத் தெரியும், 3.6 மி.மீ. வளையத்தில் பழகியவருக்கு 4.5 அளவு தேவைப்படலாம். பின் குறியின் திருகை ஒரு கிளிக் (ஒரு படி) திருப்பினால் குண்டு நகரும் தூரமும் குறைந்துவிடும், பழைய கணக்கில் திருப்பாதீர்கள். முனையில் பாரம் மாறியதால் குழலின் அதிர்வும் மாறியிருக்கும். நேற்றுவரை நன்றாகச் சேர்ந்து விழுந்த தோட்டா இன்று சிதறலாம். கையில் உள்ள ஒவ்வொரு லாட்டையும் (ஒரே தடவையில் தயாரான தோட்டாத் தொகுதி) மறுபடி சுட்டுப் பாருங்கள். காரணம் தெரியாமல் குண்டு விழும் இடம் மாறினால் முதலில் பார்க்க வேண்டியது குழாயின் இறுக்குத் திருகு. சர்வதேசப் போட்டி விதிப்படி குழாயில் துளைகள் இருக்கக் கூடாது.

கேள்வி: மான் வேட்டைக்கு .308 வின்செஸ்டர் வாங்குவதா, .300 வின்செஸ்டர் மேக்னம் வாங்குவதா? புதர்க் காட்டில் நடக்க வேண்டியிருப்பதால் 20 அங்குலப் பேரல்தான் வசதி. – வாசகர், ஆல்பர்ட்டா, கனடா

பதில்: 20 அங்குலம் என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றால் .308 வாங்குங்கள். இவை இரண்டும் தோட்டா வகைகளின் பெயர்கள்; இரண்டுக்கும் குண்டின் விட்டம் ஒன்றே. .308-இல் சுமார் 3 கிராம் மருந்து. மேக்னத்தில் நாலரை கிராம் அளவு. ஒரே துளை வழியாக அதிக மருந்தின் வாயு விரிய வேண்டும் என்றால் அதற்கு நீளம் வேண்டும். மேக்னத்துக்கு 24, 26 அங்குலம் வைப்பது அதனால்தான். 20-க்குக் குறைத்தால் ஒவ்வோர் அங்குலத்துக்கும் நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகம் குறையும், உதைப்பு பெரிதாகக் குறையாது, வெடிச்சத்தமும் முனைத் தீயும் மிகும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து விசையை வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் வந்துவிட்டால், எந்தக் குழலும் உதவாது.

.308 தோட்டாவோ ஒவ்வோர் அங்குலத்துக்கும் நொடிக்கு 6 முதல் 8 மீட்டர்தான் இழக்கும். 24 அங்குலத்தில் நொடிக்கு 860 மீட்டர் தரும் தோட்டா 20-இல் 830 அளவில் வரும். 200 மீட்டரில் கூடுதல் சரிவு 2 செ.மீ. அளவே; அந்தக் குழலிலேயே சுட்டுக் குறியைச் சரிசெய்துகொண்டால் அதுவும் இல்லை. காட்டு மறைவில் அதைவிடத் தொலைவில் சுட வாய்ப்பும் குறைவு. குட்டைக் குழலுக்கு வேகமாக எரியும் மருந்து வேண்டும் என்று சொல்வார்கள். பெரும்பாலும் அது சரியல்ல. நீளக் குழலில் அதிக வேகம் தரும் மருந்தே குட்டையிலும் அதிக வேகம் தரும்.

கேள்வி: 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் குழல் நீளமாகத் தெரிகிறதே, அது பலமா? – வாசகி, மதுரை

பதில்: வெளியே தெரிவதில் ஒரு பகுதி வெறும் உறைதான். உள்ளே இருக்கும் குழல் 42 செ.மீ. அளவே. பெல்லட் நொடிக்கு 170–175 மீட்டரில்தான் போகிறது. குழல் குட்டையாக இருந்தால் சீக்கிரம் வெளியேறும், விசை அழுத்தியபின் கை அசைந்தாலும் பாதிப்புக் குறையும்.

கேள்வி: உரிமம் உள்ள பழைய ரைஃபிளின் முனை தேய்ந்துவிட்டது. லேத் பட்டறையில் இரண்டு அங்குலம் வெட்டிக்கொள்ளலாமா? – வாசகர், சேலம்

பதில்: கூடாது. வைத்திருக்கும் உரிமம், வெட்டுவதற்கான உரிமம் ஆகாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, குழலைக் குறைக்கத் தனி உரிமம் கேட்கிறது. தொழில்நுட்பமாகவும் சாதாரண லேத்தில் ஆகிற வேலை இல்லை. முனை விளிம்பு துளைக்குச் சரியாகச் செங்குத்தாக அமையாவிட்டால், வாயு ஒரு பக்கம் முந்தி வெளியேறிக் குண்டைச் சாய்த்துவிடும். தேய்ந்தது விளிம்பு மட்டும்தானா, உள்ளே பள்ளச்சுருளுமா (குண்டைச் சுழலவைக்கும் சுருள் பள்ளங்கள்) என்று உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுது பார்ப்பவரிடம் முதலில் காட்டுங்கள். நாட்பட்ட துப்பாக்கிகளில், முனைப் பக்கமிருந்து துடைப்புக் கம்பியை உரசி உரசிச் செலுத்தியதே பல நேரம் காரணமாக இருக்கும். இனி அறைப் பக்கமிருந்து (தோட்டா போடும் பக்கம்), கம்பி உரசாமல் நேராகச் செல்ல வழிகாட்டிக் குழாய் பொருத்திச் செலுத்துங்கள்.